பெருவிளக்குகளும் பொதுப்பணமும்

ஒரு காரியம் நல்லதென்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு, அதைப்பற்றிக் கேள்வி கேட்பார் இல்லாமற் போகிறது. பஞ்சாயத்து மைதானத்திலும், கோயில் வாசலிலும், பள்ளிக்கூட விளையாட்டிடத்திலும், பொதுக்கூட்ட மேடைகளிலும் எரிந்துவரும் ஹாலஜன் விளக்குகளை நீக்கிவிட்டு எல்.ஈ.டி. விளக்குகளைப் போடவேண்டும் என்பது இப்பொழுது அத்தகைய காரியமாகிவிட்டது. தீர்மானம் கொண்டுவருகிறவரும், அதை எதிர்த்துப் பேசவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே குரலில் "சரி" என்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவு ஏறுகிறது. கம்பத்தில் ஒரு புது விளக்கு ஏறுகிறது. ஓராண்டு கழித்து அந்த விளக்கு எரிகிறதா, மின்சாரக் கட்டணம் குறைந்ததா, குறைந்திருந்தால் மிச்சமான பணம் எங்கே போயிற்று என்று விசாரிப்பவர் எத்தனை பேர்? இம்மாற்றத்தை நாம் முழுமனத்துடன் ஆதரிக்கிறோம். ஆதரிப்பதனாலேயே, ஊர்ப் பொதுக்காரியங்களில் உழைத்துவரும் நமது வாசகர்கள் முன் சில விஷயங்களை விளக்கமாக வைக்க விரும்புகிறோம்.

பிளட் லைட் என்றும் போகஸ் லைட் என்றும் ஜனங்கள் வழங்கும் இப்பெருவிளக்குகளில், பழையதன் குணத்தை முதலில் தெரிந்துகொள்வது நலம். சாதாரண குண்டு பல்பில் இருப்பதுபோலவே ஹாலஜனிலும் ஒளிர்வது டங்ஸ்டன் கம்பிதான். குவார்ட்ஸ் குழலுக்குள் கம்பியோடு சிறிதளவு அயோடினோ புரோமினோ சேர்த்து அடைத்துவிட்டால், சூட்டில் ஆவியாகும் டங்ஸ்டன் குழலின் சுவரில் கரியாகப் படிந்துவிடாமல் மறுபடியும் கம்பியிடமே திரும்புகிறது. ஆகவே கம்பியை இன்னும் அதிகமாகக் காய்ச்சலாம், வெளிச்சம் சற்று வெண்மை பெறும், ஆயுளும் நீளும். 1959-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் பொறியாளர்கள் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றபோது அது பெரிய முன்னேற்றமே. ஆயினும் உள்ளே செல்லும் மின்சாரத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் வெளிச்சமாகிறது. மீதியெல்லாம் வெப்பமாக வீணாகிறது. குழலை வெறுங் கையால் தொட்டால் வியர்வையின் உப்பும் எண்ணெய்ப் பசையும் பட்ட இடத்தில் குவார்ட்ஸ் கெட்டுப்போகும் என்பதையும், படுக்கைவாட்டில் மட்டம் பார்த்து மாட்டாவிட்டால் சீக்கிரத்தில் அணைந்துபோகும் என்பதையும் நம் ஊர் வயர்மேன்கள் அனுபவத்தால் அறிவார்கள். மாரிக்காலத்தில் கண்ணாடி மூடி விரிசல் கண்ட விளக்கின்மேல் ஒரு துளி மழைநீர் பட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். 500 வாட் ஹாலஜன் குழல் ஒன்று சுமார் 9,500 லூமன் வெளிச்சம் தருகிறது. நெல்லை அளக்க மரக்கால் இருப்பதுபோல வெளிச்சத்தை அளக்க லூமன் என்பது ஓர் அளவு. நல்ல எல்.ஈ.டி. விளக்கு ஒரு வாட்டுக்கு 120 லூமன் தரும். ஆகையால் 80 வாட் விளக்கே 9,600 லூமன் தந்துவிடுகிறது. இரவுதோறும் ஆறு மணி நேரம் எரிந்தால் ஹாலஜன் ஆண்டுக்கு 1,095 யூனிட் குடிக்கும், எல்.ஈ.டி. 175 யூனிட்டோடு நிற்கும். ஒரு விளக்கில் மிச்சம் 920 யூனிட். பத்து விளக்கு உள்ள மைதானத்தில் 9,200 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 73,600 ரூபாய் ஆகிறது. ஒரு சிறிய பஞ்சாயத்துக்கு இது எத்தகைய தொகை என்று நாம் சொல்லவேண்டியதில்லை. மேலும் ஹாலஜன் குழலின் ஆயுள் சுமார் 2,000 மணி நேரந்தான். மேற்சொன்ன கணக்கில் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒருவர் கம்பத்தில் ஏறிக் குழல் மாற்றவேண்டும். நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வானில் கலக்கிறது. பத்து விளக்கை மாற்றினால் ஆண்டுக்கு ஆறு டன்னுக்கு மேல் அது குறைகிறது.

பொதுக்கூட்டம் நடத்துகிறவர்களுக்கு இக்கணக்கு இன்னும் நெருக்கமானது. மேடைக்கும் மைதானத்துக்குமாக இருபது ஹாலஜன் கட்டினால் 10 கிலோவாட் ஆகிறது. ஐந்து மணி நேரத்துக்கு 50 யூனிட். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் என்று ஜெனரேட்டர் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், வெளிச்சத்துக்காக மட்டும் பதினாறு பதினேழு லிட்டர் எரிகிறது. அதே வெளிச்சத்தை எல்.ஈ.டி. 1.6 கிலோவாட்டில் தந்துவிடும். அதற்கேற்ற சிறிய ஜெனரேட்டர் வைத்தால் மூன்று லிட்டருக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. தெருக்கம்பியில் கொக்கி மாட்டி மின்சாரம் எடுக்கிற அவமானம் நம் பொதுவாழ்வில் இன்னும் ஒழியவில்லை. பெருஞ்சுமை வேண்டியிருப்பதே அதற்குக் காரணம் என்று சமாதானம் சொல்வோருக்கு இனி அந்தச் சமாதானமும் இல்லை. கீற்றுப் பந்தலுக்கும் துணி ஷாமியானாவுக்கும் பக்கத்தில் ஹாலஜனைக் கட்டுவதில் உள்ள அபாயமோ தனி. அதன் குழல் சரியாக வேலை செய்வதற்கே அதன் சுவர் 250 டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கவேண்டும். காய்ந்த ஓலைக்கு அவ்வளவு சூட்டின் அண்மை போதாதா? எல்.ஈ.டி.யும் சூடாகவே செய்யும். ஆனால் அந்தச் சூடு பின்புறத்து அலுமினியத் தகட்டில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய அளவில் நிற்கிறது.

இவ்வளவும் ஹாலஜனைப் பற்றியது. இங்கே ஒரு பெரிய குழப்பத்தை நீக்கவேண்டும். உயரமான கம்பத்தில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பளிச்சென்று எரிவதையெல்லாம் நம் ஜனங்கள் "ஹாலஜன்" என்றே சொல்கிறார்கள். உண்மையில் தெருவிலும் நாற்சந்தியிலும் மஞ்சளாக எரிந்தவை பெரும்பாலும் சோடியம் ஆவி விளக்குகள். விளையாட்டு அரங்குகளில் வெண்மையாக எரிந்தவை மெட்டல் ஹாலைடு விளக்குகள். ஹாலைடு என்ற பெயரே ஹாலஜனாகக் காதில் விழுகிறது போலும். பெயரில் உள்ள இந்த மயக்கம் பணத்திலும் வந்து முடிகிறது. ஹாலஜன் ஒரு வாட்டுக்கு இருபது லூமன்கூடத் தராதது. 250 வாட் சோடியம் விளக்கோ 27,000 லூமன் அளவுக்குத் தரும். சோக்கில் போகும் இருபத்தைந்து வாட்டைச் சேர்த்தாலும் வாட்டுக்கு நூறு லூமனுக்குக் கிட்டத்தட்ட வருகிறது. இதை 120 வாட் எல்.ஈ.டி.யாக மாற்றினால், வெளிச்சத்தைச் சிதறவிடாமல் வேண்டிய இடத்துக்கே திருப்புவதனால் காரியம் நடந்துவிடும். சேமிப்பு பாதிக்குச் சற்று அதிகம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2009 முதல் 2013 வரை 1,40,000-க்கு மேற்பட்ட தெருவிளக்குகளை மாற்றிச் சுமார் 63 சதவிகிதம் மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. அது மிகச் சிறந்த பலன் என்று உலகெங்கும் பேசப்பட்டது. ஆகவே, சோடியம் விளக்கு எரிந்த தெருவுக்கு ஒருவர் வந்து "நூற்றுக்கு எண்பத்தைந்து மிச்சம்" என்று எழுதிக்கொடுத்தால், அவர் ஹாலஜன் கணக்கைச் சோடியம் கம்பத்தில் மாட்டுகிறார் என்று அறிந்துகொள்ளலாம்.

இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2015 ஜனவரி 5-ந் தேதி மத்திய சர்க்கார் தேசியத் தெருவிளக்குத் திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கார் துறைக் கம்பெனிகள் கூடி அமைத்த ஈ.ஈ.எஸ்.எல். என்ற ஸ்தாபனம் அதை நடத்திற்று. முனிசிபாலிட்டி முன்பணம் போடவேண்டாம். விளக்கை அந்த ஸ்தாபனமே மாற்றித்தரும். மிச்சமாகும் மின்சாரக் கட்டணத்திலிருந்து சுமார் ஏழாண்டுகளில் தவணையாகத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்பது ஏற்பாடு. 2014 அக்டோபர் 12-ந் தேதி ஹுத்ஹுத் புயலில் சிதைந்த விசாகப்பட்டினம் இம்முறையிலேயே தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட தெருவிளக்குகளை எல்.ஈ.டி.யாக மாற்றிக்கொண்டது. தேசம் முழுவதும் இவ்வாறு மாறிய விளக்குகள் ஒரு கோடியைத் தாண்டின. மெச்சத்தக்க காரியந்தான் இது. ஆனால் சேமிப்பிலிருந்து கடனைத் தீர்க்கும் எந்த ஏற்பாட்டிலும், "முன்பு எவ்வளவு செலவாயிற்று" என்ற கணக்கே உயிர்நாடி. முன்பு எரியாதிருந்த விளக்கை எரிந்ததாகவும், ஆறு மணி நேரம் எரிந்ததைப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்ததாகவும், சோடியத்தை ஹாலஜனாகவும் எழுதிவிட்டால், இல்லாத சேமிப்புக்கு ஊர் தவணை கட்டவேண்டியதாகும். பின்பு, பல முனிசிபாலிட்டிகள் தவணையைப் பாக்கி வைத்தன என்பதும் நடந்த விஷயமே. கொடுக்கவேண்டியதைக் கொடாமல் பராமரிப்பைக் குறைகூறும் ஊரையும் நாம் பார்க்கிறோம். மீட்டர் வைத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மும்மூன்று மாதம் அளந்து பார்த்துவிட்டால் இருதரப்பு வழக்கும் தீர்ந்துவிடும். தெருவிளக்குக்குத் தனி மீட்டர் இல்லாத ஊர்கள் முதலில் அதைக் கேட்டு வாங்கவேண்டும்.

விளக்கு வாங்குவதிலோ மோசம் நடப்பதற்கு இன்னும் அதிக இடம் இருக்கிறது. எல்.ஈ.டி. விளக்கில் ஒளிதரும் சிப்பு ஒரு பங்கு. அதற்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கும் டிரைவர் மறு பங்கு. சூட்டை வெளியேற்றும் அலுமினிய உடல் மூன்றாம் பங்கு. சிப்பு ஐம்பதாயிரம் மணி நேரம் உழைக்கும் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறார்கள். உழைக்கலாம். ஆனால் டிரைவரில் இருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் கெடும் பொருள். பத்து டிகிரி சூடு ஏற ஏற அதன் ஆயுள் பாதி பாதியாகக் குறைகிறது. குளிர் நாட்டில் அளந்த ஆயுள் நம் சித்திரை மாதத்தில் செல்லுபடியாகாது. மெல்லிய தகட்டில் செய்த விளக்கு எடைக்கு எடை மலிவாகக் கிடைக்கிறது. சூடு வெளியேற வழியின்றி ஓராண்டில் மங்கி, இரண்டாம் ஆண்டில் மினுக்கி, அணைந்துவிடுகிறது. "50 வாட்" என்று எழுதி முப்பது வாட் எரிகிற விளக்கும் கடைத்தெருவில் உண்டு. சேமிப்பு அதிகமாகத் தெரிவதற்கு அது சுருக்கு வழி! கையில் பிடிக்கும் ஒரு வாட்மீட்டர் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் சரக்கு வந்து இறங்கும்போது அதைக் கொண்டுவந்து நிற்கும் அங்கத்தினர் வேண்டும்.

இடி மின்னலும், மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் நம் ஊர்க் கம்பிகளில் சகஜம். ஹாலஜன் அவற்றைப் பொறுத்துக்கொண்டது. அதற்குள் இருப்பது ஒரு கம்பிதானே. எல்.ஈ.டி.யின் டிரைவர் பொறுக்காது. ஆகையால் 10 கிலோவோல்ட் வரை வரும் அதிர்ச்சியைத் தாங்கும் தடுப்பு விளக்குக்குள்ளோ கம்பத்தடியிலோ இருக்கவேண்டும் என்று டெண்டரில் எழுதவேண்டும். மழைக்கும் தூசுக்கும் இடந்தராத ஐ.பி. 65 அல்லது 66 காப்பு, இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனத்தின் பதிவு, குறைந்தது ஐந்தாண்டு பொறுப்புச் சீட்டு ஆகிய இவையும் எழுதப்படவேண்டும். மிகமிக மலிவான விளக்குகளில் தனி டிரைவரே இல்லாமல் சிப்புப் பலகையின்மேலேயே எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிறார்கள். அவற்றில் விளக்கின் உலோக உடலுக்கும் தெரு மின்சாரத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய காப்புத்தான் இருக்கிறது. எர்த்துக் கம்பியைக் கட்டாமல் இரண்டே கம்பியில் இணைத்து இரும்புக் கம்பத்தில் முடுக்கிவிட்டு, மழைநாளில் பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க விடுவதைக் கொடுமை என்றுதான் சொல்லவேண்டும். மூன்று கம்பி இணைப்பு இல்லாத வேலைக்குப் பணம் கொடுக்கலாகாது.

சில இடங்களில் இன்னொரு யோசனை கிளம்பியிருக்கிறது. பழைய ஹாலஜன் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் குழலுக்குப் பதிலாக அதே நீளத்தில் எல்.ஈ.டி. குழலை மாட்டிவிடலாமே, செலவு இன்னும் குறையுமே என்கிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது. நடப்பதோ வேறு. ஹாலஜன் பெட்டி சூட்டை உள்ளே அடைத்துவைக்கும்படி கட்டியது. அதன் குழலுக்குச் சூடு வேண்டும். எல்.ஈ.டி.க்குச் சூடே பகை. மூடிய பெட்டிக்குள் அது வெந்துபோகும். மேலும் 500 வாட் ஹாலஜன் குழல் பென்சில் பருமன்தான். அதே வெளிச்சம் தரக்கூடிய எல்.ஈ.டி. குழல் அவ்விடத்தில் நுழையாது. நுழையக்கூடியது பத்தில் சில பங்கு வெளிச்சமே தரும். பின்புறமிருக்கும் பிரதிபலிப்புத் தகடு மெல்லிய கம்பியின் ஒளிக்கென்று வளைத்தது. புதுக் குழலின் ஒளி அதில் பட்டு எங்கெங்கோ சிதறுகிறது. பெட்டியோடு மாற்றுவதே முடிவில் சிக்கனம். மனிதர் வந்தால் தானே எரியும் உணர்கருவியோடு கூடிய பழைய விளக்கானால், அக்கருவியும் மாறவேண்டியிருக்கலாம். பெருஞ்சுமைக்கென்று செய்த பழைய கருவிகளில் சில, இவ்வளவு சிறிய சுமையில் சரியாக அணையாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

ஒளியின் நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் இதைக் கேட்பவர் மிகக் குறைவு. இஸாமு அகாஸாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா என்ற மூவருக்கு 2014-ல் பௌதிக நோபல் பரிசு கிடைத்ததை நமது வாசகர்கள் அறிந்திருப்பார்கள். நீல ஒளி தரும் டையோடைச் செய்துகாட்டியதற்காகவே அப்பரிசு. வெள்ளை எல்.ஈ.டி. என்பது இந்த நீலச் சிப்பின்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைப் பூசியதே. பூச்சு அதிகமானால் ஒளி கனிந்து ஹாலஜனைப் போல இளமஞ்சளாகும். குறைந்தால் நீலம் மிகுந்து கண்ணைப் பறிக்கும் வெண்மையாகும். கெல்வின் கணக்கில் முன்னது 3,000, பின்னது 6,500. நம் கடைத்தெருவில் பின்னதற்கே கிராக்கி. "எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு வெளிச்சம்" என்று ஒரு மூடநம்பிக்கை எப்படியோ வேரூன்றிவிட்டது. நீலம் மிகுந்த ஒளி இரவில் உறக்கத்தைக் கெடுக்கிறது. தூசியிலும் பனியிலும் அதிகம் சிதறுகிறது. எதிரே வருகிறவன் கண்ணைக் கூசச் செய்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-ல் வெளிவிளக்குகளுக்கு 3,000 கெல்வினுக்கு மேற்படாத ஒளியே தகும் என்று வழிகாட்டியது. கலிபோர்னியாவில் டேவிஸ் என்னும் நகரம் 2014-ல் வெண்மை மிகுந்த விளக்குகளைத் தெருவில் போட்டது. குடியிருப்போர் கிளர்ச்சி செய்தபின் பல விளக்குகளை இளமஞ்சளாக மறுபடியும் மாற்றவேண்டியதாயிற்று. ஒரே வேலைக்கு இருமுறை செலவு செய்ய நமக்குப் பணம் இருக்கிறதா? கருங்கல் கோபுரத்தையும் பழைய மண்டபத்தையும் நீலவெள்ளையில் முழுக்காட்டி ஆஸ்பத்திரிச் சுவர்போல் ஆக்கிவிடுகிற ரசனையைப் பற்றி நாம் பேசப் புகுந்தால் இடம் போதாது.

மிச்சமான மின்சாரம் உண்மையில் மிச்சமாகவே நிற்கிறதா என்பது எல்லாவற்றிலும் கனமான கேள்வி. 1865-ல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர், நீராவி யந்திரம் சிக்கனமாக ஆக ஆக இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு கூடிற்றேயன்றிக் குறையவில்லை என்று எடுத்துக்காட்டினார். மலிவானதை மனிதன் அதிகம் உபயோகிக்கிறான். விளக்கிலும் இதுவே நடக்கிறது. 2012 முதல் 2016 வரை விண்கலத்திலிருந்து எடுத்த அளவைகளைப் பரிசோதித்த விஞ்ஞானிகள், பூமியில் இரவில் வெளிச்சம் விழும் பரப்பு ஆண்டுக்குச் சுமார் 2.2 சதவிகிதம் வீதம் பெருகிவந்ததாக 2017-ல் வெளியிட்டார்கள். எல்.ஈ.டி. வேகமாகப் பரவிய காலம் அது. இரண்டு ஹாலஜன் இருந்த மைதானத்தில் பன்னிரண்டு எல்.ஈ.டி. தொங்குவதையும், பத்து மணிக்கு அணைக்கப்பட்ட விளக்கு "இதற்கென்ன செலவாகிவிடப்போகிறது" என்று விடியும்வரை எரிவதையும் நாமே காண்கிறோம். 80 வாட் விளக்கு பன்னிரண்டு, பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 11.5 யூனிட், இரண்டு ஹாலஜன் ஆறு மணி நேரம் எரிந்தபோது ஆனது 6 யூனிட். செலவு இரட்டித்துவிட்டது, சிக்கனம் செய்ததாகப் பலகையும் மாட்டியாயிற்று.

வானத்தை நோக்கியும் பக்கத்து வீட்டுச் சன்னலை நோக்கியும் திருப்பிவைத்த விளக்கு எவ்வளவு சிக்கனமானதாயினும் வீண்தான். விளக்கின் முகம் தரையைப் பார்க்கவேண்டும். மேல்விளிம்புக்கு மறைப்பு வேண்டும். நேரம் வைத்து அணைக்கும் கருவி வேண்டும். சோடியம், மெட்டல் ஹாலைடு விளக்குகளைவிட எல்.ஈ.டி.க்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. அதை நொடியில் அணைக்கலாம், நொடியில் ஏற்றலாம், நள்ளிரவுக்குமேல் பாதி வெளிச்சத்தில் வைக்கலாம். இவற்றால் அதன் ஆயுள் கெடுவதில்லை. லடாக்கில் ஹன்லேயைச் சுற்றியுள்ள பிரதேசத்தை 2022-ல் இருள்வானக் காப்பிடமாக அறிவித்து, அங்குள்ள கிராமத்தார் தம் விளக்குகளுக்கு மறைப்புப் போட்டுக்கொண்டார்கள். விண்மீன் ஆராய்ச்சிக்காக அவர்கள் செய்ததை நாம் ஆமைகளுக்காகவாவது செய்யலாம். சென்னைக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஜனவரி முதல் பங்குனிச் சித்திரை வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. மணலிலிருந்து வெளிப்படும் குஞ்சுகள் வெளிச்சம் மிகுந்த திக்கே கடல் என்று எண்ணி நடப்பவை. கரையில் பெருவிளக்கு எரிந்தால் கடலுக்குப் போகாமல் சாலைக்கு வந்து மடிகின்றன. 1988 முதல் மாணவர்களும் தொண்டர்களும் இரவு முழுதும் நடந்து முட்டைகளைக் காத்துவருகிறார்கள். அப்பருவத்தில் கரையோர விளக்குகளை அணைத்துவைப்பதற்கு ஒரு பொத்தானை அழுத்துவதைவிட அதிகத் தியாகம் தேவையில்லை.

சுதேசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2014-ன் தொடக்கத்தில் சர்க்கார் கொள்முதலில் 310 ரூபாயாக இருந்த ஓர் எல்.ஈ.டி. பல்பு 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. மொத்தமாக வாங்கியதே அதற்கு முக்கிய காரணம். தேசம் ஒன்றாக நின்று பேரம் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம். விளக்குக் கூடு, டிரைவர், கண்ணாடி ஆகியவற்றை இங்கேயே செய்யும் தொழிற்சாலைகள் பல இருக்கின்றன. ஆனால் உயிரான சிப்பு பெரும்பாலும் கடல் கடந்தே வருகிறது. 2021 ஏப்ரலில் ஏர்கண்டிஷனர்களுக்கும் எல்.ஈ.டி. விளக்குகளுக்குமாக 6,238 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்தை மத்திய சர்க்கார் அங்கீகரித்தது. உதிரிப் பாகங்களும் இங்கேயே உற்பத்தியாகவேண்டும் என்பதே அதன் நோக்கம். சின்னஞ்சிறு பட்டறைகளுக்கும் இதில் இடமுண்டு என்று நாம் நினைக்கிறோம். கெட்டுப்போகும் பத்து விளக்கில் பெரும்பாலானவற்றுக்கு டிரைவரை மாற்றினால் போதும். திருகாணி போட்டுத் திறக்கக்கூடிய விளக்கை வாங்கினால் உள்ளூர் வயர்மேனுக்குப் பிழைப்பு கிடைக்கும். பசைபோட்டு அடைத்ததை வாங்கினால் குப்பைமேடு வளரும்.

ஐரோப்பிய நாடுகள் 2018 செப்டம்பரில் சாதாரண ஹாலஜன் பல்புகளையும், 2021 செப்டம்பரில் பெரிய ஹாலஜன் குழல்களையும் சந்தைக்கு வராமல் நிறுத்திவிட்டன. நம் நாட்டில் சட்டத்துக்காகக் காத்திருக்கவேண்டிய அவசியமில்லை. மேலே காட்டிய கணக்கே போதும். அடுத்த கிராமசபையிலோ முனிசிபல் கூட்டத்திலோ இவ்விஷயம் வரும்பொழுது, இப்பொழுது எந்த விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்ற ஜாபிதாவை முதலில் மேஜைமேல் வைக்கச்சொல்லுங்கள். புது விளக்கின் லூமன், கெல்வின், அதிர்ச்சித் தடுப்பு, பொறுப்புக் காலம் ஆகிய நான்கும் டெண்டரில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாட் மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். மாற்றிய பின் கழற்றிய பழைய சாமான்கள் மறந்துபோகும் வழக்கம் உண்டு. ஹாலஜன் பெட்டி அலுமினியம்; சோடியம் விளக்கின் சோக்கில் செப்புக்கம்பி இருக்கிறது; இரண்டுக்கும் பழைய இரும்புக்கடையில் நல்ல விலை. சோடியம், மெட்டல் ஹாலைடு பல்புகளுக்குள்ளோ பாதரசம் இருப்பதால் அவற்றை உடைத்து ஏரிக்கரையில் கொட்டாமல் முறைப்படி ஒப்படைக்கவேண்டும். எத்தனை பெட்டி கழற்றினார்கள், எங்கே வைத்தார்கள், எவ்வளவுக்கு விற்றார்கள் என்ற கணக்கையும் அதே கூட்டத்தில் கேட்டு நடவடிக்கைப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள்.